முப்பது வெற்றிகளும் ஒரு மைதானமும்

(ஸ்ரீபெரும்புதூரில் ஆலைத் தொழிலாளர்களும் விளையாட்டு ஆர்வலர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹாக்கிப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு வழக்குகள் வந்தே தீரும். தொடர் வெற்றியில் யாருடைய சாதனை பெரியது என்பது முதல் வழக்கு. ஹாக்கிக்கு நம் ஊரில் மார்க்கெட் உண்டா என்பது இரண்டாவது. முதல் வழக்கில் குரல் உயரும். இரண்டாவது வந்ததும் தாழ்ந்துவிடும். “கிரிக்கெட் இருக்கிற நாட்டில் இதை யார் பார்ப்பார்கள்? ஸ்பான்சர் எங்கே கிடைப்பான்?” என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் ஆமாம் போட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்த ஆமாமை நான் ஏற்கவில்லை. முதல் வழக்கை ஒழுங்காக விசாரித்தாலே இரண்டாவதற்கு விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி தொடர்ந்து எத்தனை ஆட்டம் வென்றது? சிலர் 24 என்பார்கள், சிலர் 30 என்பார்கள். இரண்டுமே அச்சில் வந்திருப்பதால் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆட்டம் ஆட்டமாக எண்ணிப் பார்த்துவிடலாம். 1928 ஆம்ஸ்டர்டாமில் 5. அந்த ஐந்திலும் 29 கோல் போட்டார்கள், ஒன்றுகூட வாங்கவில்லை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் 2. 1936 பெர்லினில் 5. போர் முடிந்து 1948 லண்டனில் 5. 1952 ஹெல்சிங்கியில் 3. 1956 மெல்போர்னில் 5. ஆறு தங்கம், 25 ஆட்டம். போட்ட கோல் 178, வாங்கிய கோல் 7. அதோடு 1960 ரோமில் டென்மார்க், நெதர்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று ஐந்து அணிகளை வரிசையாக வென்றார்கள். மொத்தம் 30. முப்பத்தொன்றாவது ஆட்டம் பாகிஸ்தானுடன் இறுதிப் போட்டி. 1960 செப்டம்பர் 9ஆம் தேதி, ஒரே ஒரு கோலில் தோற்றோம். 32 ஆண்டு ஓட்டம் அங்கே நின்றது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932இல் மொத்தமே மூன்று அணிகள்தான். அமெரிக்காவை 24–1, ஜப்பானை 11–1 என்று வென்றோம். அதை வைத்து எதிரணியின் தரத்தை யார் அளக்க முடியும்? பிரிட்டன் 1928, 1932, 1936 மூன்றிலும் களத்துக்கே வரவில்லை. இன்னொன்று, பெர்லினில் போட்டி தொடங்குவதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி நம்மை 4–1 என்று தோற்கடித்தது. பதறிப்போய் இந்தியாவிலிருந்து தாரா என்ற வீரரை விமானத்தில் வரவழைத்தார்கள். இறுதிப் போட்டியில் அதே ஜெர்மனியை 8–1 என்று வென்றார்கள். பயிற்சி ஆட்டம் ஒலிம்பிக் கணக்கில் வராது. ஆகவே “இந்தியா 32 ஆண்டு எங்கேயும் தோற்கவே இல்லை” என்று மேடையில் முழங்குவது பிழை. ஒலிம்பிக்கில் தோற்கவில்லை, அவ்வளவுதான். பிரிட்டன் வராததால்தான் ஜெயித்தோம் என்பவர்களுக்கு 1948 ஆகஸ்ட் 12 பதில் சொல்லும். விடுதலை பெற்று ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத நேரத்தில், வெம்பிளி மைதானத்தில், அவர்கள் ஜனங்களின் முன்னாலேயே 4–0. எல்லாக் கழிவும் போக மிஞ்சுவதும் மகத்தான சாதனைதான் என்பது என் தீர்ப்பு.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்த 30 வெற்றிகளும் எந்த ஊர்களில் தயாராயின?

பம்பாயிலும் கல்கத்தாவிலும் நல்ல அணிகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தயான் சந்த் வளர்ந்தது ஜான்சியில். ரயில்வேயும் ராணுவ முகாமும் இருந்த நடுத்தர ஊர். அங்கே அவர் ஆடியது ஜான்சி ஹீரோஸ் என்ற உள்ளூர் அணிக்கு. ஜலந்தர் பக்கத்தில் சன்சார்பூர் என்றொரு கிராமம், அங்கிருந்து மட்டும் ஒரு டஜனுக்கு மேல் ஒலிம்பிக் வீரர்கள் வந்திருக்கிறார்கள். ரோமில் நமக்குத் தலைவராக இருந்தவர் லெஸ்லி கிளாடியஸ். மூன்று தங்கம், ஒரு வெள்ளி வாங்கிய மனிதர். பிலாஸ்பூரில் பிறந்த அவர் ஹாக்கிக்கு வந்தது கரக்பூரில், பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் மைதானத்தில். கரக்பூர் எப்படிப்பட்ட ஊர்? பெரிய ரயில்வே பணிமனையின் ஊர். காலையில் சைரன் ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போவார்கள், மாலையில் மைதானத்துக்கு வருவார்கள். உங்கள் ஊர் மாதிரியான ஊர். அந்த ரோம் அணியில் நம் சென்னை வீரர் வி.ஜே. பீட்டரும் இருந்தார். 1960 வெள்ளி, 1964 தங்கம், 1968 வெண்கலம் என்று மூன்று பதக்கம் வாங்கிய அவர் பெயரை இங்கே எத்தனை இளைஞர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தக் காலத்து ஹாக்கிக்குச் சமமான தரை, பத்துப் பதினைந்து மட்டை, மாலை வெளிச்சம், இவை போதும். ரயில்வேக்காரர்களுக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கும் இவை மூன்றும் இருந்தன. 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. அந்த வருடம் இந்தியாவுக்கு ஏழாவது இடம். அதன் பிறகு ஹாக்கி ஆட டர்ப் வேண்டும், டர்புக்குக் கோடிகள் வேண்டும், ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்ச வசதி வேண்டும். அன்றைக்குத்தான் “மார்க்கெட்” என்ற பேச்சு ஹாக்கிக்குள் நுழைந்தது. சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் தங்கம் வந்தது உண்மைதான். அதற்கடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாம் 2021இல் நடந்த டோக்கியோ போட்டி வரை 41 ஆண்டு காத்திருந்தோம்.

பெரிய மார்க்கெட் இருந்தால்தான் பெரிய அணி என்ற வாதத்துக்கு வருவோம். வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி பெரும் வியாபாரம். என்.எச்.எல். என்ற அந்த லீக்கில் அதிகபட்சத் தொடர் வெற்றி 17. 1993இல் பிட்ஸ்பர்க் செய்தது. அதற்கு அடுத்து 16, இரண்டு அணிகள்: 2016–17இல் கொலம்பஸ், 2023–24இல் எட்மன்டன். மூன்றில் ஒன்றுகூட நியூயார்க் அல்ல, டொரன்டோ அல்ல. பிட்ஸ்பர்க் எஃகு ஊர், எட்மன்டன் எண்ணெய் ஊர். ஐஸ் ஹாக்கிக்காக உயிரை விடும் டொரன்டோ, கனடாவிலேயே பெரிய நகரம், 1967க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை.

இதைக் கேட்டதும் “பார்த்தீர்களா, பணம் முக்கியமில்லை” என்று சொல்லிவிடக் கூடாது. 17 வெற்றி பெற்ற அதே பிட்ஸ்பர்க் அணி ஐந்தே வருடத்தில், 1998இல், திவாலானது. அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்த மாரியோ லெமியூவே முன்வந்து அதை வாங்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2005இல் அந்த லீக் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. அதன் பிறகுதான் சின்ன ஊர் அணிகள் நிம்மதியாக மூச்சுவிட்டன. ஆக மார்க்கெட் வானத்திலிருந்து விழும் மழையில்லை. விதி போட்டு, ஏற்பாடு செய்து, மனிதர்கள் உண்டாக்குகிற காரியம் அது.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியது, அதில் சென்னை வீரன்ஸ் ஆடியது. 2008இல் லீக்கே நின்றுவிட்டது. 2012இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி வந்தது, சென்னை சீட்டாஸ் ஆடியது. ஒரே பருவம்தான். 2013இல் ஹாக்கி இந்தியா லீக் வந்தபோது சென்னைக்கு அணியே இல்லை, 2017 வரை இல்லை. அந்த லீக்கின் முதல் கோப்பையை வென்றது எது தெரியுமா? ராஞ்சி. மும்பையும் டெல்லியும் இருந்த பட்டியலில் ராஞ்சி! 2017இல் வென்றது கலிங்கா லேன்சர்ஸ், ஒடிசா அணி. லீக் 2024 டிசம்பரில் மறுபடி உயிர்பெற்றது ரூர்கேலாவில். அதுவும் எஃகு ஆலை ஊர், 2023 உலகக் கோப்பைக்காக அங்கே பிர்சா முண்டா பெயரில் எழுப்பிய அரங்கத்தில் இருபதாயிரம் பேர் உட்காரலாம். அந்த முறை தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் அணி வந்தது, அரையிறுதி வரை போனது. சந்தோஷம். ஆனால் அதே பருவத்தில் பெண்களுக்கென்று முதன்முதலாக நடந்த லீக்கில் நான்கு அணிகளில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டுடையது இல்லை. இதை நான் மறக்கப் போவதில்லை, நீங்களும் மறக்காதீர்கள்.

சென்னையில் கூட்டம் வராது என்பது சுத்தப் பொய். 2007இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் கொரியாவை இந்தியா 7–2 என்று வென்றது. ஆறு மாதத்தில், சிலி நாட்டில் பிரிட்டனிடம் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போனோம். அந்த அடி பட்ட பிறகும் 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்கு அதே எழும்பூரில் ஜனங்கள் வந்தார்கள். இறுதிப் போட்டி மலேசியாவுடன். இடைவேளையில் 1–3 என்று பின்தங்கியிருந்தோம். மூன்றாவது கால் பகுதி முடியப் போகிறது, 45ஆவது நிமிடம். பெனால்டி ஸ்ட்ரோக் கிடைக்கிறது. ஹர்மன்பிரீத் சிங் அடித்து 2–3 ஆக்குகிறார். ஹூட்டர் அடிப்பதற்குள், அதே நிமிடத்தில், குர்ஜந்த் சிங் இன்னொன்று போட்டுச் சமன் செய்கிறார். இரண்டு கோல் வித்தியாசம் ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போனது. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடித்தது வெற்றி கோல். 4–3. பார்வையாளர் இல்லாத விளையாட்டுக்கு இப்படி ஒரு மாலை வாய்க்காது. 2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, 24 நாடுகள் வந்தன, நம் பையன்கள் அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

அந்த 2023 அணியில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தார். கார்த்தி செல்வம். அரியலூர்க்காரர். மலேசியாவுடனான லீக் ஆட்டத்தில் ஒரு கோல், ஜப்பானுடனான அரையிறுதியில் ஒரு கோல். அதற்கு முந்தைய வருடம் ஜகார்த்தாவில், இந்தியாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக, கோல் அடித்தவர். அவரோடு அந்த ஜகார்த்தா தொடரில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். இருவரும் உருவானது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில்.

கோவில்பட்டி என்றதும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் நினைவுக்கு வரும். 2011 கணக்கெடுப்பில் அந்த நகரின் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. எந்த விளம்பரக் கம்பெனியின் வரைபடத்திலும் அது பெரிய மார்க்கெட் கிடையாது. அங்கே லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும்போது வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் வந்து ஆடும், ஊர் ஜனம் கேலரியில் உட்கார்ந்து பார்க்கும். வேட்டி கட்டிய பெரியவர் நடுவரிடம் ஆப்சைடு பற்றி வாதாடமாட்டார், ஹாக்கியில் அந்த விதி எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியும். பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளுகிறவர் கை எப்படி வருகிறது, நிறுத்துகிறவர் மட்டை தரையோடு படிந்திருக்கிறதா, பிளிக் அடிப்பவர் இடது காலை எங்கே ஊன்றுகிறார், கோல் லைனிலிருந்து ஓடி வரும் முதல் ஆள் எந்தப் பக்கம் மறைக்கிறார் என்று பார்ப்பார். இரண்டு மூன்று தலைமுறை ஒரே மைதானத்தைச் சுற்றி வாழ்ந்தால் இந்தக் கண் வரும். விலை கொடுத்து வாங்க முடியாது. மார்க்கெட் கணக்குப் போடுகிறவர்கள் எத்தனை டி.வி. என்று எண்ணுகிறார்கள். எத்தனை கண்கள் இப்படிப் பழகியிருக்கின்றன என்று எண்ணுவதில்லை.

இப்போது உங்கள் ஊர். 2024 தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் இருந்த மக்களவைத் தொகுதி ஸ்ரீபெரும்புதூர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை, வல்லம் வடகால் வரை, கார் செய்கிறோம், லாரி செய்கிறோம், புல்லட் செய்கிறோம், டயர், கண்ணாடி, போன் எல்லாம் செய்கிறோம். விளையாட்டுப் பக்கத்தில் இந்த வட்டாரத்தின் பெயர் வருவது பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கால்தான். ஆனால் இங்கே வேலை செய்கிறவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, அரியலூர் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்! சுந்தர்கர் மாவட்டத்துக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்திய அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்கி அவர் மாவட்டத்துக்காரர். சிம்டேகாவிலிருந்து வந்த பெண்ணிடம் கேளுங்கள். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய சலீமா டேட்டே அவர் ஊர்ப் பக்கத்துப் பெண். நாட்டின் ஹாக்கி மண்ணிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து அசெம்பிளி லைனில் நிறுத்தியிருக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் மட்டை பிடித்தவர்கள் என்று யாராவது கேட்டார்களா?

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த சிப்காட் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். கோவில்பட்டியின் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, எல்லாரும் இளம் பெண்கள். பதினொரு பேர் வேண்டும் ஒரு அணிக்கு. பதினெட்டாயிரத்தில் பதினொன்று கிடைக்காதா?

ஆலை ஊரில் அணி எப்படிப் பிறக்கும் என்பதற்கு ஜெர்மனியில் ஓர் உதாரணம், கால்பந்து என்றாலும் நமக்குப் பொருந்தும். லெவர்குசன் என்ற ஊரில் பேயர் ரசாயன ஆலை. 1903 நவம்பரில் வில்ஹெல்ம் ஹவுஷில்ட் என்ற தொழிலாளி, விளையாட்டுச் சங்கம் அமைக்க உதவ வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கூட வேலை செய்தவர்கள் 170 பேர் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகம் சம்மதித்தது. 1904இல் சங்கம் பிறந்தது. 120 வருடம் கழித்து, 2023–24 பருவத்தில், அந்தச் சங்கத்தின் அணி எல்லாப் போட்டிகளிலும் சேர்த்துத் தொடர்ந்து 51 ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது. ஜெர்மன் லீக்கை ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்ற முதல் அணி அதுதான். ஊரின் ஜனத்தொகை இரண்டு லட்சத்தைத் தொடாது. பக்கத்திலேயே கொலோன் என்ற பெரிய நகரம் இருக்கிறது.

நம்மிடம் அவர்களுக்கு அன்று இல்லாத ஒன்று இருக்கிறது, சட்டம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, வரம்புக்குள் வரும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி என்று தெளிவாகவே இருக்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு இந்தக் கணக்கில் வராது. ஆகவே மைதானத்தைக் கம்பெனி மதிலுக்குள் கேட்காதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளியில், ஊராட்சி நிலத்தில் கேளுங்கள். பகலில் ஊர்ப் பிள்ளைகள் ஆடட்டும், ஷிப்ட் முடிந்து நீங்கள் ஆடுங்கள். அப்படிக் கேட்பதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2006இல் இங்கே வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கம்பெனி போனாலும் பள்ளி மைதானம் ஊரோடு இருக்கும்.

முதல் வருடமே டர்ப் கேட்க வேண்டாம். சமன் செய்த தரை, இரண்டு கோல் போஸ்ட், நாற்பது மட்டை, கோல்கீப்பருக்கு முழுக் கவசம், வாரத்தில் மூன்று நாள் வந்து போகும் ஒரு பயிற்சியாளர், இவ்வளவுதான் கேட்க வேண்டியது. மட்டையைவிடக் கோல்கீப்பர் கவசத்துக்குத்தான் பணம் அதிகம் ஆகும், அதை மறக்காமல் எழுதுங்கள். பெண்கள் அணியையும் அதே கடிதத்தில் எழுதுங்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி என்ற பாகுபாடு கையெழுத்தில் இருக்கக் கூடாது. தமிழில் ஒரு பிரதி, ஒடியாவில் ஒரு பிரதி, இந்தியில் ஒரு பிரதி எழுதுங்கள்.

லெவர்குசனில் 170 பேர் கையெழுத்துப் போட்டார்கள். இந்த அரங்கத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தால் அதைத் தாண்டிவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கடிதத்தை எழுதி முடியுங்கள்.